பெருவிரல் பதியவில்லையாம்

ஓய்வூதியத்துக்கு உயிர்வாழ் சான்று தர அம்மாவைக் கூட்டிப் போயிருந்தேன். வலது பெருவிரல். பதியவில்லை. இடது பெருவிரல். பதியவில்லை. துடைத்துவிட்டு வையுங்கள். அழுத்தி வையுங்கள். இவ்வளவு அழுத்தக் கூடாது. ஈரமாக இருக்கிறது. இப்போது ஈரமே இல்லை. முந்தானையில் துடைத்து, தலைமுடியில் தேய்த்து மறுபடி வைக்கிறார். சிவப்பு விளக்கு எரிந்து அணைகிறது. பேரன் வயதுப் பையனிடம், ஏதோ தப்புச் செய்துவிட்டவரைப் போல, "இன்னொரு தரம் வைத்துப் பார்க்கட்டுமா தம்பி?" என்று அம்மா கெஞ்சுகிறார். பதினொரு தடவை வரை எண்ணினேன். அதற்குமேல் எண்ண மனம் வரவில்லை.

எதிரே உட்கார்ந்திருக்கிறார், பேசுகிறார், மூச்சு விடுகிறார். ஆனால் உயிரோடு இருப்பதாகச் சான்று தர கைரேகை பார்க்கும் அந்தக் கண்ணாடித் துண்டுதான் ஒப்புக்கொள்ள வேண்டுமாம்! சான்று இல்லை என்று மூன்று மாதமாக ஓய்வூதியத்தை நிறுத்திவிட்டார்கள்.

எவ்வளவு ஓய்வூதியம்? மாதம் 1,000 ரூபாய். வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.) ஓய்வூதியத்துக்கு 2014 செப்டம்பரில் குறைந்தபட்சம் என்று நிர்ணயித்த தொகை. அதன்பிறகு அரிசி, எண்ணெய், வீட்டு வாடகை எல்லாம் ஏறிவிட்டன. இந்த ஆயிரம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஒரு சிலிண்டர் வாங்கினால் மீதி ஒரு வாரப் பாலுக்குக் காணாது. அந்த ஆயிரத்தில்தான் அவருடைய இரத்த அழுத்த மாத்திரை இருக்கிறது.

யாரும் போட்ட பிச்சையா அது? திருப்பூர் பனியன் கம்பெனிகளில் 26 வருஷம் நூல் பிசிறு வெட்டியவர். அதில் 14 வருஷம்தான் பி.எஃப். கணக்கில் இருக்கிறது. மீதிக் காலம் ஒப்பந்தக்காரரிடம் வாரக்கூலி. எந்த ஏட்டிலும் அவர் பெயர் இல்லை. கணக்கில் உள்ள அந்த 14 வருஷமும் சம்பளத்தில் 8.33 சதவீதம், கம்பெனி பங்கிலிருந்து மாதந்தோறும் ஓய்வூதிய நிதிக்குப் போயிருக்கிறது. அவர் உழைத்துச் சேர்த்த காசு!

அவர் பெருவிரலைப் பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா? கத்தரி வளையம் பட்டுப் பட்டு உள்பக்கம் காய்த்து, கூழாங்கல் போல வழவழவென்று இருக்கும். அதில் போய் ரேகை தேடினால் எங்கிருந்து வரும்? சித்தாள் வேலை செய்தவருக்கும், துணி வெளுத்தவருக்கும், வீடு வீடாகப் பாத்திரம் தேய்த்தவருக்கும் இதே கதைதான். ரேஷன் கடையிலும் இதையே சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள்.

கைபேசியில் முகத்தைக் காட்டியே சான்று தரும் வசதி 2022 முதல் இருக்கிறதாம். இரண்டு மணி நேரம் விரலைத் தேய்க்க வைத்தவர்கள் அதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து நானே தேடிக் கண்டுபிடித்து, அம்மாவை ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்துப் பார்த்தேன். முகம் பொருந்தவில்லை! ஆதாரில் இருப்பது 12 வருஷத்துக்கு முந்தைய படம். அப்போது பல் இருந்தது, கன்னம் இருந்தது. இனி ஆதாரைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு டோக்கன் வாங்கக் காலை ஏழு மணிக்கே வரிசையில் நிற்க வேண்டும்.

நாளை டவுன் பஸ்ஸில் போகிறோம். அந்தப் பஸ்ஸை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது. பெண்களுக்குக் கட்டணமில்லை என்று 2021-இல் அறிவித்தபோது அம்மா அவ்வளவு மகிழ்ந்தார். இப்போது நிறுத்தத்தில் பெண்கள் மட்டும் நின்றால் நாற்பதடி தள்ளிக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். 66 வயதில், மூட்டு வலியோடு, அவர் பஸ் பின்னாலேயே ஓட வேண்டியிருக்கிறது.