1992க்கு முன் வென்றதும் கணக்கில் உண்டு

திருகோணமலை உதைபந்தாட்ட ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றுகிறது. "இங்கிலாந்து லீக் தொடங்கியதே 1992இல்தான். லிவர்பூல் வென்றது 2 தடவை மட்டும்" என்கிறது அது. இது பிழை.

1992இல் தொடங்கியது, இங்கிலாந்தின் இன்றைய முதல்தரப் பிரிவான பிரிமியர் லீக். அந்த நாட்டின் லீக் போட்டி 1888இலேயே 12 கழகங்களோடு ஆரம்பித்துவிட்டது. முதல் சம்பியன் பிரஸ்டன் நோர்த் எண்ட்; அந்தப் பருவத்தில் ஒரு லீக் ஆட்டத்திலும் தோற்கவில்லை. லிவர்பூல் 1990 வரை 18 தடவையும், பிறகு 2020, 2025இலும் வென்றது. மொத்தம் 20.

நான் லிவர்பூல் ரசிகன்தான். ஆனால் இதை எங்கள் கழகத்துக்காக மட்டும் எழுதவில்லை. 1992க்கு முந்தியதை அழித்தால் மன்செஸ்டர் யுனைட்டட்டின் 20இலும் 7 போய்விடும். அதன் முகாமையாளர் மட் பஸ்பியின் இளம் அணி 1956, 1957இல் வென்ற இரண்டும் அதற்குள் அடக்கம். அந்தக் கழகத்தின் 8 வீரர்கள் 1958 பெப்ரவரி 6 அன்று மியூனிக் விமான விபத்தில் பலியானார்கள். அவர்கள் வென்றதை இல்லையென்று சொல்ல எந்த ரசிகருக்கும் மனம் வரக்கூடாது. நம்மூர் மெக்கெய்சர் மைதானத்தில் எவ்வளவு சத்தமாக வாதாடினாலும் சரி, அந்த வெற்றிகளை மறுப்பதை விட்டுவிடுவோம்.

இரு கழகங்களின் அதிகாரபூர்வ இணையத்தளங்களிலும் வென்ற ஆண்டுகள் வரிசையாக இருக்கின்றன, பார்த்துக்கொள்ளலாம். "பிரிமியர் லீக் 2 தடவை" என்றால் சரி, "லீக் 2 தடவை" என்றால் பிழை. அந்தப் படம் வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள். ஏற்கனவே அனுப்பியவர்கள் அதே குழுவில் இந்தத் திருத்தத்தையும் போட்டுவிடுங்கள்.