தண்ணீர்ப் பானையை நிரப்புகிறவர் யார்?

எங்கள் தெருமுனையில், வாதுமை மரத்தடியில், ஒரு தண்ணீர்ப் பானை மேடை இருக்கிறது. யாங்கோனில் வசிப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சென்னையிலும் தஞ்சைப் பக்கத்திலும் இருந்து இதைப் படிக்கும் உறவினர்களுக்காகச் சொல்கிறேன். நான்கு கால்களை நட்டு, மேலே சிறிதாகத் தகரக் கூரை வேய்ந்து, நெஞ்சு உயரத்தில் ஒரு பலகையை அடித்து, அதன்மேல் இரண்டு மண்பானைகளை வைத்திருப்பார்கள். பானைக்கு ஒரு மூடி, மூடியின்மேல் கவிழ்த்த குவளை, அவ்வளவுதான். போகிறவர் வருகிறவர் யாராக இருந்தாலும் மொண்டு குடிக்கலாம். பர்மிய மொழியில் இதை ‘யே-ஓ-சின்’ என்கிறார்கள். நம்முடைய தண்ணீர்ப் பந்தலேதான், ஆனால் கோடைக்கு மட்டும் என்றில்லாமல் ஆண்டு முழுவதும் இருப்பது.

கூரையின் நெற்றியில் ஒரு சிறு பலகை உண்டு. இந்த மேடையைத் தானம் செய்த குடும்பத்தின் பெயரும், அவர்களுடைய தாய் தந்தையின் பெயர்களும், தானம் செய்த ஆண்டும் பர்மிய எழுத்தில் அதில் இருக்கின்றன. அந்தக் குடும்பம் எங்கள் தெருவை விட்டுப் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. பானையைத் தினமும் நிரப்புகிறவர் வேறொருவர். எதிர்வீட்டுத் தரைத்தளத்தில் இருக்கும் மூதாட்டி. தெருவே அவரை ‘அப்வா’ என்றுதான் அழைக்கும். பாட்டி என்று பொருள். விடியற்காலை ஐந்தரை மணிக்கு அவர் இரண்டு வாளிகளோடு வருவார். முந்தின நாள் மீந்த தண்ணீரை வாதுமை மரத்தின் வேரில் ஊற்றிவிட்டு, தேங்காய் நாரால் பானையின் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவி, வடிகட்டித் துணி வழியாகப் புதுத் தண்ணீரை ஊற்றுவார். பலகையில் அவர் பெயர் இல்லை.

சென்ற கோடையில் அப்வா காய்ச்சலில் படுத்தார். முதல் இரண்டு நாள்கள் யாருக்கும் தெரியவில்லை. மூன்றாம் நாள் நண்பகலில், சைக்கா என்ற மூன்று சக்கர மிதிவண்டி ஓட்டும் ஒருவர் வண்டியை மரத்தடியில் நிறுத்திவிட்டு மூடியைத் திறந்து குவளையை விட்டார். அது காய்ந்த பானையின் அடியில் ‘டணக்’ என்று தட்டியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. குவளையை மறுபடி கவிழ்த்து வைத்துவிட்டு, கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வண்டியை மிதித்துப் போய்விட்டார். மாடியில் இருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தெருவில் முப்பது ஆண்டுகளாகக் குடியிருக்கும் எனக்கு, அந்தப் பானையில் தண்ணீர் எப்படி வருகிறது என்ற கேள்வி அன்றுவரை ஒருமுறைகூட எழுந்ததில்லை.

பர்மியர்களின் கொடைக்குணத்தைப் பற்றி நாம் எல்லோரும் பெருமையாகப் பேசுகிறோம். பேசவேண்டியதுதான். பர்மியப் புத்தாண்டான திஞ்ஞான் நாள்களில் தெருவுக்குத் தெரு ‘சத்துதித்தா’ என்ற இலவச உணவுப் பந்தல் போடுகிறார்கள். நான்கு திசை என்ற பொருள் கொண்ட பாலிச் சொல்லில் இருந்து வந்த பெயர் அது. நாற்றிசையில் இருந்தும் யார் வந்தாலும் சோறு என்று கருத்து. நமக்கும் புத்தாண்டு அந்த நாள்களிலேயே வருவதால் கோயில்களிலும் அன்னதானம் நடக்கிறது. அந்தச் சில நாள்களில் இந்த நகரத்தில் பசித்தவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பந்தலைப் பிரித்த மறுநாள் அதே தெருவில் பசித்தவர் இருக்கிறார், பந்தல்தான் இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம், தலா நகரில், ஒவ்வொரு கோடையிலும் குளங்கள் வற்றி மக்கள் குடத்தோடு வரிசையில் நிற்பதையும், தானக்காரர்கள் தண்ணீரைக் கொண்டுபோய்ப் பங்கிடுவதையும் பார்த்திருக்கிறோம். கொடுக்கும் மனம் இங்கே குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. என் குறை வேறு. ஒருமுறை கொடுப்பதற்கு நூறு பேர் முன்வருகிறோம். தினமும் செய்யவேண்டியதை ஒரு கிழவியின் தலையில் விட்டுவிடுகிறோம்.

இதை மற்றவர்களுக்குச் சொல்வதைவிட நம் தமிழர்களுக்குச் சொல்லவே இந்தப் பதிவு.

எனக்குத் தெரிந்த ஒரு கோயில் இருக்கிறது. பெயர் வேண்டாம், பெயரைச் சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். பத்தாண்டுகளுக்கு முன் அதன் மண்டபத்தை இடித்துக் கட்டினார்கள். தரைக்குப் பளிங்கு, தூணுக்குத் தூண் உபயதாரர் பெயர், மின்விசிறியின் இறக்கையில்கூடப் பெயர். அந்த மண்டபத்தின் பின்னால், தமிழ் வகுப்புக்கென்றே ஓர் அறையும் கட்டப்பட்டது. கரும்பலகை, இருபது மேசைகள், ‘அ’ முதல் ‘ஃ’ வரை வண்ணத்தில் எழுதிய சுவர் என்று எல்லாம் இருந்தன. திறப்பு விழாவுக்கு நானும் போயிருந்தேன், கைதட்டவும் செய்தேன். இங்கே அரசுப் பள்ளிகளில் தமிழ் இல்லை என்பதால், பள்ளி விடுமுறை தொடங்கும் மார்ச்சில் இருந்து ஜூனில் பள்ளி திறக்கும் வரை கோயில்களில் நடக்கும் இந்த வகுப்புகளில்தான் நம் பிள்ளைகள் பலர் எழுத்தைக் கற்றுக்கொள்கிறார்கள். முதல் இரண்டு கோடைகள் வகுப்பு நன்றாக நடந்தது. பாடம் சொன்னவர் ஓர் இளம்பெண். வேலைக்குப் போகும் நேரத்தை மாற்றிக்கொண்டு, இரண்டு பேருந்து மாறி வந்து போனவர். அவருக்குத் தரப்பட்ட மதிப்பூதியம் பேருந்துக் கட்டணத்துக்கே சரியாகப் போனது. மூன்றாவது கோடையில் அவர் தம் திருமணத்துக்குப் பிறகு வரவில்லை. வேறொருவரைத் தேடலாம் என்றார்கள், தேடிக்கொண்டே இருந்தார்கள். சென்ற ஆண்டு ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போனபோது அந்த அறையைத் திறந்து பார்த்தேன். கல்யாண நாற்காலிகளைக் கூரை வரை அடுக்கி வைத்திருந்தார்கள். நாற்காலிக் கால்களுக்கு இடையே சுவரில் ‘ஔ’ மட்டும் தெரிந்தது.

அறங்காவலர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்களும் ஒருவிதத்தில் கைகட்டப்பட்டவர்கள். ராஜகோபுரத்துக்கு வண்ணம் பூச வேண்டும் என்று அறிவித்தால் பணம் ஒரு வாரத்தில் சேர்ந்துவிடுகிறது. தமிழ் சொல்லிக்கொடுப்பவருக்கு மாதச் சம்பளம் தர வேண்டும் என்று அறிவித்தால், ‘நல்ல காரியம்’ என்று சொல்லிவிட்டு எல்லோரும் நடையைக் கட்டுகிறோம். சம்பளத்தில் பெயர் பொறிக்க இடமில்லையே!

பெயர் பற்றிய இந்த ஆசையைக் கேலி செய்வதற்கு முன், நம் கதைகளிலேயே ஒன்றை நினைத்துக்கொள்வது நல்லது. திங்களூரில் அப்பூதியடிகள் தண்ணீர்ப் பந்தல் வைத்தார். அந்த வழியே வந்த அப்பர் அதில் தம் பெயர் எழுதியிருப்பதைக் கண்டு திகைத்து, இதை வைத்தவர் யார் என்று விசாரித்துப் போனார் என்பது கதை. பந்தலை வைத்தவர் தம் பெயரை எழுதவில்லை, தாம் பெரிதாக மதித்தவரின் பெயரை எழுதினார். இந்தக் கதையைக் கேட்கும்போது அப்பூதியடிகளின் பக்தியைத்தான் எல்லோரும் கொண்டாடுவார்கள். எனக்கோ, வெயிலில் நடந்து வந்த அப்பர் பெருமான் அங்கே தண்ணீரும் குளிர்ந்த நிழலும் இருக்கக் கண்டார் என்பதுதான் பெரிதாகத் தோன்றுகிறது. அப்பர் வந்த அன்று அந்தப் பானையை யாரோ நிரப்பியிருக்கிறார்கள்.

இதே சங்கடத்தை நான் மிகத் துயரமான ஒரு நாளிலும் அருகில் இருந்து பார்த்தேன். 2021 ஜூலையில், ஆக்சிஜன் உருளையைத் தேடி நகரமே அலைந்த அந்த வாரங்களில், என் சித்தப்பா வீட்டிலேயே இறந்துபோனார். எங்கள் வட்டாரத்தின் ‘நாயே’ சங்கத்துக்கு, அதாவது இறுதிச் சடங்குக்கு உதவும் சங்கத்துக்கு, தொலைபேசியில் சொன்னோம். இறந்தவரின் பெயரையும் வயதையும் எத்தனையாவது மாடி என்பதையும் மட்டும் கேட்டார்கள். என்ன மதம் என்று கேட்கவில்லை. காசைப் பற்றிப் பேச்சே எழவில்லை. 2001இல் திரைப்பட இயக்குநர் ஊ துக்கா, நடிகர் சோ தூ முதலியவர்கள் சேர்ந்து யாங்கோனில் தொடங்கிய இலவச இறுதிச் சடங்கு சேவைச் சங்கத்தின் வழியைப் பின்பற்றி, நாட்டில் ஊருக்கு ஊர் இப்படிப்பட்ட சங்கங்கள் தோன்றின. அன்று வந்த நான்கு இளைஞர்களும் ஐந்து மாடி ஏறி, சித்தப்பாவைப் படிக்கட்டின் ஒவ்வொரு திருப்பத்திலும் நிமிர்த்திச் சாய்த்து, ஓர் இடத்தில்கூடத் தட்டாமல் இறக்கினார்கள். ‘மெதுவா, மெதுவா’ என்று பர்மிய மொழியில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது இன்னும் காதில் இருக்கிறது.

பல மாதங்கள் கழித்து, நன்றி சொல்லவும் ஏதாவது கொடுக்கவும் அந்தச் சங்கத்தின் ஓட்டுநரைப் போய்ப் பார்த்தேன். என்ன வேண்டும் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே வண்டியின் பின்சக்கரத்தைக் காட்டினார். டயரில் நூல் தெரிந்தது. வண்டியின் பக்கவாட்டில் அதை வாங்கிக் கொடுத்தவரின் பெயர் பொன்னெழுத்தில் மின்னியது. வண்டி தருகிறேன் என்று வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்களாம். டயருக்கும் டீசலுக்கும்தான் ஆள் கிடைப்பதில்லை. நான் அன்று ஒரு டயருக்கான பணத்தைக் கொடுத்தேன் என்பதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒரு டயர் என்ன விலை என்பதே அதுவரை எனக்குத் தெரியாது.

நன்றாக நடக்கும் இடங்களும் கண்ணெதிரே உண்டு. மகாபந்துலா சாலையில் 1937 முதல் நடந்துவரும் முஸ்லிம் இலவச மருத்துவமனையில் எல்லா மதத்தவரும் வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம். அந்த வாசலைத் தாண்டும்போதெல்லாம் நான் கட்டிடத்தைப் பார்ப்பதில்லை. இத்தனை ஆண்டுகளாக மருந்துக்கும் ஊதியத்துக்கும் மாதாமாதம் பணம் திரட்டியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்றுதான் நினைப்பேன்.

நமக்கு இந்தக் கணக்குத் தெரியாததல்ல. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் அணையாமல் எரியும் ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடுகளை விட்டதாக வருகிறது. விளக்கைச் செய்து கொடுத்ததோடு நிற்காமல், தினமும் ஓர் உழக்கு நெய் வருவதற்கு வழி செய்து, ஆடுகளை இடையர்களிடம் ஒப்படைத்து, மந்தையின் தொகை குறையாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் அவர்களிடமே விட்டார்கள். அதனால்தான் அவற்றுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். அந்த வழக்கத்தின் சாயல் கடல் தாண்டி இந்த மண்ணுக்கும் வந்தது. பர்மிய அரசர்களின் பழைய தலைநகரான பாகானில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்றில், மலைமண்டலத்து, அதாவது இன்றைய கேரளத்து, மகோதையர்பட்டினத்தில் இருந்து வந்த குலசேகர நம்பி என்பவர், நானாதேசி விண்ணகரம் என்ற பெருமாள் கோயிலுக்கு மண்டபம் செய்து, கதவிட்டு, நின்று எரிவதற்கு ஒரு விளக்கும் வைத்ததாகப் பொறித்திருக்கிறது. மண்டபமும் கதவும் மட்டும் போதும் என்று அந்த மனிதர் நினைக்கவில்லை. பிற்காலத்தில் இங்கே தொழில் நடத்திய நகரத்தார், வரவுசெலவில் ஒரு சிறு பங்கை மகமை என்று எடுத்துவைத்துக் கோயில்களை நடத்தினார்கள். மகமை என்பது நாள் பார்த்து, விழா எடுத்து, மேடை ஏறிக் கொடுக்கும் பணம் அன்று. கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியாக, யாருக்கும் தெரியாமல் ஏறிக்கொண்டே போகிற பணம்.

அந்தப் பழக்கத்தை இன்றைய அளவுக்குச் சுருக்கி மீண்டும் தொடங்கலாம் என்பது என் எண்ணம். ஒவ்வொரு கோயிலிலும் திருப்பணி நிதிக்குப் பக்கத்தில் நடப்பு நிதி என்று ஒன்றை வைக்க வேண்டும். அதில் இருந்து எடுத்துத் தமிழாசிரியருக்கு ஆண்டு முழுவதும் ஊதியம் தர வேண்டும், கோடைக்கு மட்டுமல்ல. வாசலில் ஒரு யே-ஓ-சின் வைத்து அதை நிரப்புவதற்கு ஒருவரை அமர்த்த வேண்டும். வட்டாரத்து நாயே சங்கத்துக்கு மாதம் இத்தனை லிட்டர் டீசல் என்று பேசி முடிக்கலாம். கடைக்காரர் ஒரு நாள் விற்பனையில் ஒரு சிறு பங்கு, சம்பளக்காரர் மாதம் ஒரு வேளைத் தேநீர்க் காசு என்று வைத்தாலே போதும். விலைவாசி இப்படி ஏறிக்கிடக்கும்போது மாதச் சந்தாவா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் விலைவாசி ஏறியிருப்பதால்தான் வெறும் பேருந்துக் காசுக்குப் பாடம் சொல்ல இன்று யாராலும் முடியாது. பெயர் வேண்டும் என்கிறவர்களை ஏமாற்றவும் வேண்டாம். ‘இந்த மாதத்துத் தமிழ் வகுப்பு இன்னாருடைய உபயம்’ என்று கரும்பலகையின் மூலையில் சுண்ணக்கட்டியால் எழுதிவிடலாம். அடுத்த மாதம் அழித்துவிட்டு அடுத்தவர் பெயர்.

அப்வா படுத்த கதையை முடிக்காமல் விட்டுவிட்டேன். சைக்காக்காரர் திரும்பிப் போன அன்று மாலையில் தேநீர்க் கடையில் பேசி, ஏழு வீட்டார் வாரத்தில் ஒவ்வொரு நாளாக எடுத்துக்கொண்டோம். கடைச்சுவரில் கிழமைவாரியாகப் பெயர் எழுதிய தாளை ஒட்டினார் கடைக்காரர். எனக்குப் புதன்கிழமை. முதல் புதனில் பானையைக் கவிழ்த்தபோது அடியில் விரலளவு சேறும், அதில் நெளியும் கொசுப் புழுக்களும் இருந்தன. அன்று மின்சாரம் வருவது எங்கள் பகுதிக்குப் பிற்பகல் முறை என்பதால், அடுத்த தெருவில் கைப்பம்பு உள்ள குழாய்க் கிணற்றுக்குப் போக வேண்டியிருந்தது. ஆழத்தில் இருந்து நீர் எடுப்பதாலோ என்னவோ குழாய்க் கிணற்றை இங்கே ‘அவீசிக் கிணறு’ என்கிறார்கள். அவீசி என்பது நரகத்தின் பெயர். இரண்டு வாளியோடு மூன்று நடை நடந்தபோது அந்தப் பெயரின் பொருத்தம் என் தோளுக்குப் புரிந்தது. எழுபதைக் கடந்த ஒரு பெண்மணி இதைத் தினமும் செய்துவந்தார்.

மூன்று வாரம் கழித்து அப்வா எழுந்து நடமாடத் தொடங்கினார். அன்றும் புதன்கிழமைதான். நான் நிரப்பி முடித்துக் குவளையைக் கவிழ்த்து வைத்த நேரத்தில், சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்து மேடையருகில் நின்றார். மூடியைத் தூக்கினார். அதன் உள்பக்கத்தில் விரலை ஓட்டி, விரல்நுனியை வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு ஒரு வார்த்தையும் பேசாமல் நான் ஊற்றிய தண்ணீரையெல்லாம் மரத்தின் வேரில் கவிழ்க்கச் சொல்லி, தம் இடுப்பில் செருகியிருந்த தேங்காய் நாரை எடுத்து என் கையில் கொடுத்தார்.