ஐம்பது தாள் எழுதினால் காது திறந்துவிடுமா?

இரண்டு நாட்களாக எல்லோரும் பகிர்ந்துகொண்டிருக்கும் அந்தப் பதிவைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ‘நீங்களும் இதே தொழிலில்தானே இருக்கிறீர்கள், ஏன் வாயைத் திறக்கவில்லை’ என்று நான்கு பேர் உள்பெட்டியில் கேட்டுவிட்ட பிறகு பேசாமல் இருப்பதும் ஒரு பதிலாகிவிடும் என்பதால் எழுதுகிறேன். ஒரு பயிற்சி மையத்தின் உரிமையாளர், தம்மிடமே படித்த செவிலியர் ஒருவரின் ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் அட்டையைப் பெயரை மட்டும் மறைத்து வெளியிட்டு, ‘ஐம்பது மாக் டெஸ்ட் (மாதிரித் தேர்வு) எழுத வைத்தோம், அப்படியும் லிசனிங்கில் (கேட்டல் பகுதியில்) ஆறரையைத் தாண்டவில்லை, உழைப்பில்லாதவர்களுக்கு யாரும் உதவ முடியாது’ என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே நூற்றுக்கணக்கில் சிரிப்புக் குறிகள்.

ஐம்பது தாள் எழுத வைத்தீர்கள், சரி. அந்த ஐம்பதில் ஒன்றையாவது அவளுடன் உட்கார்ந்து, எந்த இடத்தில் காது தவறியது, ஏன் தவறியது என்று பார்த்தீர்களா? தேர்வு எழுத வைப்பது வேறு, பயிற்சி கொடுப்பது வேறு. காய்ச்சல் வந்தவருக்கு மணிக்கொரு முறை வெப்பமானி வைத்துவிட்டு, ‘இத்தனை முறை வைத்தும் இறங்கவில்லையே’ என்று நோயாளியைத் திட்டும் செவிலியரை எந்த வார்டிலாவது வைத்திருப்பார்களா?

விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிரிட்டனில் செவிலியராகப் பதிவு செய்ய ஐஈஎல்டிஎஸ் தேர்வில் லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் 7 பேண்ட் (மதிப்பெண் நிலை) வேண்டும். ரைட்டிங்கில் மட்டும் 2018 டிசம்பரிலிருந்து 6.5 போதும் என்று தளர்த்தினார்கள். லிசனிங்கில் நான்கு பகுதிகள், 40 கேள்விகள், ஏறத்தாழ அரை மணி நேரம். ஒலிப்பதிவு ஒரே ஒரு முறைதான் ஓடும். அந்த 40இல் சுமார் 30 சரியாக இருந்தால் 7 கிடைக்கும். ஆக, அவர் சிரித்த அந்த ஆறரைக்கும் ஏழுக்கும் இடையில் இருப்பது பல நேரங்களில் ஒரே ஒரு விடை. ஒரு ‘எஸ்’ விட்டுப்போனாலும் அந்த விடை போய்விடும். எழுத்துப் பிழை இருந்தாலும் போய்விடும்.

அந்த ‘எஸ்’ ஏன் விட்டுப்போகிறது என்று யாராவது யோசித்ததுண்டா? நாம் ‘ரெண்டு மாத்திரை போட்டுக்கங்க’ என்றுதான் நோயாளியிடம் சொல்கிறோம். ‘இரண்டு மாத்திரைகள்’ என்று எந்த மருந்துக்கடையிலும் யாரும் சொல்வதில்லை. எண்ணைச் சொன்ன பிறகு பன்மை விகுதி நமக்குத் தேவைப்படாத ஒன்று. அதனால் ‘டூ டேப்லெட்ஸ்’ என்று கேட்டாலும் கை ‘டேப்லெட்’ என்றே எழுதுகிறது. இதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்தால் நான் என்ன சொல்வது?

என்னிடம் மாலையில் ஏழெட்டுப் பேர் படிக்கிறார்கள். அவர்களுக்கு வாரத்தில் ஒரு தாள்தான். மற்ற நாட்களில் நாற்பது நொடி ஓடும் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, கேட்டதைச் சொல்லுக்குச் சொல் எழுத வேண்டும். கேட்காத இடத்தில் கோடு போட வேண்டும். சென்ற மாதம் ஒருத்தியின் நோட்டைப் பார்த்தேன். அந்த நாற்பது நொடியில் பதினான்கு கோடுகள். ‘பேஷன்ட்’ இருக்கிறது, ‘ஆபரேஷன்’ இருக்கிறது, ‘இன்ஃபர்ம்ட்’ இருக்கிறது. கோடு விழுந்த இடங்களோ அத்தனையும் ‘ஆஃப்’, ‘டு’, ‘வாஸ்’, ‘ஹாவ்’ போன்ற பொடிச் சொற்கள். ‘ஷுட் ஹாவ் பீன்’ என்ற செயப்பாட்டுவினைத் துண்டைப் பதினோரு முறை ஓடவிட்ட பிறகு நிமிர்ந்து, ‘அக்கா, அவங்க ஷுடவ்பின்னுன்னு ஒரே வார்த்தையா சொல்றாங்க’ என்றாள். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

இலக்கணம் பற்றிய என் கருத்தும் இதில்தான் அடங்கியிருக்கிறது. அந்தப் பெண்ணுக்குச் செயப்பாட்டுவினை தெரியாதா? பள்ளிக்கூடத்திலிருந்து ஆக்டிவ் வாய்ஸை பாஸிவ் வாய்ஸாக மாற்றி மாற்றி மதிப்பெண் வாங்கியவள்தான்; தாளில் கொடுத்தால் இப்போதும் ஒரு பிழை வராது. ஆனால் அவளுக்கு இலக்கணம் கண்ணில் இருக்கிறது, காதில் இல்லை. தமிழில் ‘கொடுத்தார்’ என்பதற்கும் ‘கொடுக்கப்பட்டது’ என்பதற்கும் உள்ள வேறுபாடு வினைச்சொல்லின் உள்ளேயே கணீரென்று ஒலிக்கிறது. ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்கிற சொற்களைத்தான் அவர்கள் பேசும்போது பாதி விழுங்கிவிடுகிறார்கள். ‘கேன்’ என்பது ‘க்ன்’ என்று தேய்கிறது; ‘முடியும்’ என்றாரா ‘முடியாது’ என்றாரா என்பதே அந்தத் தேய்வில் தொங்குகிறது. மூன்று மாதம் இலக்கண வகுப்பு, பிறகு மூன்று மாதம் மாக் டெஸ்ட் என்று தனித்தனியாகக் கட்டணம் வாங்கும் இடங்களில் இவை இரண்டும் ஒரே பாடம் என்று சொல்லித்தர யாருக்கு நேரம் இருக்கிறது?

‘தேர்வில் ஒரு முறைதானே ஓடும், பதினோரு முறை கேட்டுப் பழகினால் கெட்ட பழக்கம் ஆகிவிடாதா’ என்று கேட்பார்கள் என்று தெரியும். நோயாளியின் கையில் ஒரு முறைதான் குத்துகிறோம். அதற்காக மாதிரிக் கையிலும் ஒரு முறைதான் குத்திப் பழகினோமா?

‘பக்கத்து மாநிலத்துப் பெண்கள் எல்லாம் தேறிப் போகிறார்களே’ என்பவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. ‘ஐஈஎல்டிஎஸுக்குப் பதில் ஓ.இ.டி. தேர்வை எழுதலாமே, அது மருத்துவ ஆங்கிலம்தானே’ என்பவர்கள் அதன் லிசனிங்கில் நோயாளி பேசப் பேசக் குறிப்பெடுக்கும் 24 இடைவெளிகளை ஒரு முறை நிரப்பிப் பார்த்துவிட்டு வரட்டும்.

‘நீங்களே வெளிநாடு போகவில்லை, நீங்கள் எப்படி இதைப் பேசலாம்’ என்று அந்தப் பதிவின் கீழேயே ஒருவர் என் பெயரைக் குறிப்பிட்டுக் கேட்டிருந்தார். போகவில்லை, உண்மைதான். நான் மூன்று முறை எழுதினேன். முதல் முறை ரீடிங்கில் வீழ்ந்தேன். அதில் மூன்று கட்டுரைகள், 40 கேள்விகள், சரியாக 60 நிமிடம். கூற்று சரியா, தவறா, அல்லது கட்டுரையில் சொல்லப்படவே இல்லையா என்று குறிக்கும் ‘ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்’ வகைக் கேள்விகளில் என் அனுபவமே எனக்கு எதிரியாக வந்து நின்றது. வீட்டில் போட்ட பயிற்சித் தாள் ஒன்றில் மருத்துவமனைத் தொற்று பற்றிய கட்டுரை இருந்தது. கை கழுவுவதால் தொற்று குறையும் என்று கீழே ஒரு கூற்று. அதை நான் ஆறு வருடமாக வார்டில் பார்த்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு ‘ட்ரூ’ போட்டேன். கட்டுரையிலோ கை கழுவும் வசதிகளுக்கு ஆன செலவைப் பற்றித்தான் எழுதியிருந்தார்கள், தொற்று குறைந்ததா என்று ஒரு வரிகூட இல்லை. விடை ‘நாட் கிவன்’. நமக்குத் தெரிந்ததை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, தாளில் இருப்பதை மட்டும் படிக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அப்போது நான் சேர்ந்திருந்த இடத்தில் சொன்னதெல்லாம், ‘இன்னும் பத்துத் தாள் போடுங்கள் சிஸ்டர்’ என்பதுதான்.

இரண்டாம் முறை லிசனிங்கில் 6.5. ஆம், அதே ஆறரை. இரவுப் பணி முடித்து, விடுதிக் குளியலறை வாசலில் வாளியோடு வரிசையில் நின்றுகொண்டே ஒரு காதில் இயர்போன் மாட்டிக் கேட்ட நாட்கள் அவை. மூன்றாம் முறை எல்லாம் கிடைத்தபோது அப்பாவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. அந்த மதிப்பெண் அட்டை இரண்டு வருடம்தான் செல்லும். அவர் எழுந்து நடப்பதற்குள் அது காலாவதியாகிவிட்டது. இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லைதான், கேட்டுவிட்டார்கள் என்பதால் சொல்கிறேன்.

‘நீங்களும் காசு வாங்கித்தானே சொல்லித்தருகிறீர்கள்’ என்றால், வாங்குகிறேன். என் கணக்கில் தேறாதவர்களும் இருக்கிறார்கள், சென்ற ஆண்டு இரண்டு பேர். ஒரு முறை எழுத 17,000 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டிய தேர்வு இது. ஒரு தனியார் மருத்துவமனைச் செவிலியருக்கு அது பல நேரங்களில் முழு மாதச் சம்பளம். அந்த இரண்டு பேரின் தாள்களையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒருத்தியின் விஷயத்தில் நான் சரியாகக் கவனிக்கவில்லை என்பதே முடிவு. அதை அவளிடமும் சொன்னேன். அவளுடைய அட்டையைப் படம் எடுத்துப் போடவில்லை.

ஐயா, உங்கள் முறையை நீங்கள் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஐம்பதை நூறாக்கினாலும் அது உங்கள் விருப்பம், சேருகிறவர்கள் சேரட்டும். அந்தப் படத்தை மட்டும் நீக்கிவிடுங்கள். பெயரை மறைத்தீர்கள், ஆனால் பிறந்த தேதியை மறைக்க மறந்துவிட்டீர்கள்; அவள் வேலை பார்க்கும் மருத்துவமனைத் தளத்தில் நேற்றுக் காலையே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இன்று அவள் விடுப்பில் இருக்கிறாள்.