அந்தக் காலத்து வேலை

மேஸ்திரி: சார், அந்த ஏணிகிட்ட நிக்காதீங்க. மேல விழும்.

வீட்டுக்காரர்: எது விழும்?

மேஸ்திரி: சீலிங்.

வீட்டுக்காரர்: மாடி பாத்ரூம் டைல்ஸை மாத்துங்கன்னா கீழ் ஹால் சீலிங்ல உங்களுக்கு என்ன வேலை?

மேஸ்திரி: ஹால் பக்கமே நாங்க வரல சார். மாடியில உளியை வெச்சு நாலு தட்டு தட்டினோம். கீழ பூச்சு தானா இறங்கி வந்துருச்சு.

வீட்டுக்காரர்: அப்படி என்ன அடி அடிச்சீங்க? இது அந்தக் காலத்து வேலை மேஸ்திரி. இப்ப கட்டற மாதிரி கிடையாது.

மேஸ்திரி: இப்ப சுத்தியலால சும்மா தட்டறேன், கேளுங்க. (டங்) இது நல்ல இடம். (டொப்) இது?

வீட்டுக்காரர்: ரெண்டாவதுதான் கேக்க நல்லா இருக்கு. மத்தளம் மாதிரி.

மேஸ்திரி: மத்தளம் உள்ள காலியா இருக்கும் சார். சீலிங் அப்படி இருக்கக் கூடாது.

வீட்டுக்காரர்: முன்னாடி வேலை செஞ்சவனைத் திட்டாம எந்த மேஸ்திரி சார் வேலையை ஆரம்பிச்சிருக்கான்? பூச்சு எவ்வளவு கனம்னு பாத்தீங்களா? ஒன்றரை இஞ்சு! இன்னிக்கு எவன் போடறான்?

மேஸ்திரி: யாரும் போடக் கூடாது சார். சீலிங்குக்கு 6 எம்எம் போதும். இங்க கான்கிரீட்டைத் தாங்கற சென்ட்ரிங் பலகை நடுவுல தொய்ஞ்சிருக்கு. அதை மட்டம்னு காட்டக் கலவையை அப்பியிருக்காங்க. அவ்வளவு கனம் தலைகீழா எத்தனை நாள் ஒட்டிக்கிட்டு இருக்கும்? இதோ, அது போன இடத்துல பாருங்க.

வீட்டுக்காரர்: (முகம் மலர்ந்து) அட, கம்பி! கம்பியெல்லாம் போட்டுத்தான் கட்டியிருக்கான். ஏமாத்தல.

மேஸ்திரி: கம்பி கண்ணுக்குத் தெரியறதுதான் சார் பிரச்சினையே. ஸ்லாபுல கம்பிக்கு அடியில 20 எம்எம்மாவது கான்கிரீட் இருக்கணும். அதுக்குத்தான் கவர் பிளாக்குன்னு சின்னக் கட்டி வெச்சு கம்பியைத் தூக்கி நிறுத்தறது. இங்க ஒண்ணு கூட வைக்கல. கம்பியைப் பலகை மேலயே படுக்கப் போட்டு மேல கான்கிரீட்டைக் கொட்டியிருக்காங்க. பலகையைப் பிரிச்ச அன்னிக்கே கம்பி எட்டிப் பாத்திருக்கும்.

வீட்டுக்காரர்: சரி, ஆனா கம்பியோட கனத்தைப் பாருங்க. ஸ்லாபுக்கு எல்லாரும் 8, 10 போடுவாங்க. இது 12 எம்எம்முக்குக் கம்மி இல்ல!

மேஸ்திரி: அது துரு சார்.

வீட்டுக்காரர்: என்னது?

மேஸ்திரி: துரு. இரும்பு துருப் பிடிச்சா ரெண்டு மூணு மடங்கு இடம் கேக்கும். இடம் இல்லேன்னா கான்கிரீட்டைத் தள்ளிக்கிட்டு வெளிய வந்துரும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கிறேன் பாருங்க. போட்டது 10 எம்எம். இப்ப இருக்கிறது எட்டரை. ஒன்றரை எம்எம்தானே போச்சுன்னு நினைக்காதீங்க. குறுக்கு வெட்டுல கால் பங்குக்கு மேல காணோம்.

வீட்டுக்காரர்: இருந்தாலும் இத்தனை வருஷம் நின்னிருக்கு இல்ல? அந்தக் காலத்து வேலை.

மேஸ்திரி: ஆமா சார், நின்னிருக்கு. மேல வாங்க, எதை நம்பி நின்னிருக்குன்னு காட்டறேன்.

(மாடி பாத்ரூம். பைப்புக்காகத் தரைக்கு அடியில் விட்ட பள்ளத்தில் நிரப்பியிருந்ததெல்லாம் வெளியே குவிந்து கிடக்கிறது.)

வீட்டுக்காரர்: இது என்ன குப்பை? வேலை செய்யற இடத்தைச் சுத்தமா வெச்சுக்க மாட்டீங்களா?

மேஸ்திரி: எங்க குப்பை இல்ல சார். உங்க தரைக்கு அடியில இருந்தது. உடைஞ்ச செங்கல், சென்ட்ரிங் பலகைத் துண்டு, சாக்கு, அப்புறம் ஒத்தைச் செருப்பு.

வீட்டுக்காரர்: எதையும் வீணாக்கல பாருங்க. அந்தக் காலத்து...

மேஸ்திரி: பலகையும் சாக்கும் தண்ணியை உறிஞ்சி வெச்சுக்கும் சார். வெளிய போக வழி இல்லாம அது ஸ்லாபுல இறங்கும். தரைத் தண்ணி இறங்கற ட்ராப்புக்கும் பைப்புக்கும் நடுவுல ஜாயின்ட் கிடையாது, துணியைச் சுத்திக் கலவை பூசி விட்டிருக்கு. வாட்டம் வேற ட்ராப்பைப் பாத்து இல்ல. கதவைப் பாத்து இருக்கு.

வீட்டுக்காரர்: குளிச்சிட்டு வெளிய வர வழி அதுதானே.

மேஸ்திரி: உங்களுக்குச் சார். தண்ணிக்கு இல்ல. மீட்டருக்கு 10 எம்எம்மாவது ட்ராப் பக்கம் சரியணும்.

வீட்டுக்காரர்: சரி, மாத்திருங்க. சிமென்ட் பூசி டைல்ஸை ஒட்டுங்க, விஷயம் முடிஞ்சது.

மேஸ்திரி: ஒட்டினா அஞ்சு வருஷத்துல இன்னொரு மேஸ்திரி வந்து என்னைத் திட்டுவான். பள்ளத்தைச் சுத்தம் பண்ணி, சுவரும் தரையும் சேர்ற மூலையைக் கலவையால உருட்டி விட்டு, வாட்டர் ப்ரூஃபிங் ரெண்டு கோட் அடிக்கணும். சுவர்லயும் ஓர் அடியாவது ஏத்தணும். காஞ்ச பிறகு 48 மணி நேரம் தண்ணி கட்டி நிறுத்தணும்.

வீட்டுக்காரர்: தண்ணி கட்டினா கீழ ஒழுகிட்டா?

மேஸ்திரி: அதைத் தெரிஞ்சுக்கத்தான் சார் கட்டறதே. டைல்ஸ் ஒட்டின பிறகு ஒழுகறதுக்கு இப்ப ஒழுகினா லாபம். எல்லாம் சரின்னா, மூடறதுக்கு முன்னாடி பைப்பு போற இடத்துல அளவு டேப்பை வெச்சு போட்டோ எடுத்துக்குங்க.

வீட்டுக்காரர்: அந்தக் காலத்துல போட்டோவா எடுத்தாங்க?

மேஸ்திரி: எடுத்திருந்தா இப்படிக் கட்டியிருக்க மாட்டாங்க. அப்புறம் ஹீட்டர் பிளக் பாயின்ட்ல எர்த் ஓட்டை இருக்கு, எர்த் வயர் இல்ல.

வீட்டுக்காரர்: இதுவரைக்கும் ஷாக் அடிச்சதே இல்லையே.

மேஸ்திரி: இதுவரைக்கும். எலெக்ட்ரீஷியனை வரச் சொல்லுங்க, அது என் வேலை இல்ல. இன்னொண்ணும் என் வேலை இல்ல. இந்த பைப்பு கீழ இறங்கற இடத்துல பீம்ல ஓட்டை போட்டிருக்காங்க. வழியில அடிக்கம்பி ஒண்ணு நின்னிருக்கு. அறுத்துட்டாங்க.

வீட்டுக்காரர்: பைப்பு நேரா போகணுமே.

மேஸ்திரி: பைப்பை வளைக்க எல்போ விக்குது சார். அறுத்த கம்பியை அவ்வளவு லேசுல ஒட்ட முடியாது. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வந்து பாத்து எழுதிக் கொடுக்கட்டும், நான் செய்யறேன். அதுவரைக்கும் பீமுக்கும் ஸ்லாபுக்கும் முட்டு கொடுத்தே ஆகணும்.

வீட்டுக்காரர்: ஸ்லாபுக்கு என்ன, மேல கொஞ்சம் பூசி விட்டா?

மேஸ்திரி: துரு மேல பூசினா துருவும் வளரும், பூச்சும் விழும். கம்பிக்குப் பின்னாடி விரல் நுழையற அளவு, 20 எம்எம், கொத்தி எடுக்கணும். கம்பியை வெள்ளையா மின்னற வரைக்கும் தேய்ச்சு, துருவைத் தடுக்க ஜிங்க் ப்ரைமர் அடிக்கணும். மெலிஞ்ச கம்பிக்குத் துணையா புதுக் கம்பி. துரு இல்லாத இடம் வரைக்கும் கொத்திப் போய் ரெண்டு பக்கமும் விட்டத்துல 50 மடங்கு, 10 எம்எம்முக்கு 500 எம்எம், ஓவர்லாப் விடணும். அப்புறம் பழசோட புதுசு ஒட்டிக்க பாண்ட் கோட் அடிச்சு, அது காயறதுக்குள்ள பாலிமர் சேர்த்த கலவை, பாலிமர் மார்ட்டர். சாதாக் கலவை இங்க வேண்டாம்.

வீட்டுக்காரர்: (குரலைத் தாழ்த்தி) மேஸ்திரி, நான் ஒண்ணு சொல்றேன். இவ்வளவு எதுக்கு? ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைச்சுடலாம். அழகாவும் இருக்கும்.

மேஸ்திரி: அதை எதுல சார் தொங்க விடுவீங்க?

வீட்டுக்காரர்: சீலிங்லதான்.

மேஸ்திரி: எந்த சீலிங்ல? மத்தளத்துலயா? அதைத் தொங்க விடற ஆங்கர் போல்ட்டை அந்த டொப்புலதான் அடிக்கணும். இனிமே விழற துண்டெல்லாம் சத்தம் போடாம போர்டு மேல சேரும். ஒரு நாள் மொத்தமா வரும்.

வீட்டுக்காரர்: வரட்டுமே. கீழ நாங்களா இருக்கப் போறோம்? வாடகைக்குத்தானே விடப் போறேன்.

மேஸ்திரி: (சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு) வீடு பாக்க வர்றவங்க ஸ்விட்சைப் போட்டுப் பாப்பாங்க, குழாயைத் திறந்து பாப்பாங்க சார். யாரும் சுத்தியல் கொண்டு வர மாட்டாங்க. அந்த தைரியத்துலதான் பல பேர் பெயிண்ட் மட்டும் அடிச்சு வீட்டை விடறாங்க. கீழ படுத்துத் தூங்கறது ஒரு குழந்தையா இருந்தாலும் இந்த துருவுக்குத் தெரியாது.

வீட்டுக்காரர்: ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அதுக்கு ஏன் இவ்வளவு கோபப்படறீங்க?

மேஸ்திரி: சரி, நீங்க எங்க இருக்கப் போறீங்க?

வீட்டுக்காரர்: மாடியிலதான்.

மேஸ்திரி: அப்ப கீழ இருக்கறவங்களுக்கு சீலிங். உங்களுக்கு அதுதான் தரை.

(வீட்டுக்காரர் தான் நிற்கும் இடத்தைக் குனிந்து பார்க்கிறார். ஒரு காலை மட்டும் தூக்கிக்கொள்கிறார், ஏதோ பாரம் குறையும் என்பது போல.)

வீட்டுக்காரர்: முட்டு எத்தனை வேணும்?

மேஸ்திரி: நாலடிக்கு ஒண்ணு. அடியில பலகை போட்டு ஜாக்கி நிறுத்தணும். பீமுக்கு அடியில தனியா ரெண்டு.

வீட்டுக்காரர்: இன்னிக்கே நிறுத்துங்க. எதுக்கும் நான் மாடிப்படியில போய் உக்காந்துக்கறேன்.

மேஸ்திரி: மாடிப்படியை இன்னும் தட்டிப் பாக்கல சார்.