அந்த அமெரிக்க மானியம் பயிர் இழப்பீடு இல்லைங்க
மேல ஒருத்தர் அமெரிக்காவுல எமர்ஜென்சி கன்சர்வேஷன் மானியம் வாங்குன பண்ணைங்க லிஸ்ட்டைப் போட்டு "பயிர் போச்சுன்னு சொன்னா போதும், கவர்மென்ட் சும்மா காசு கொட்டுது"ன்னு எழுதியிருக்கார். தொகையெல்லாம் சரியாவே இருக்கட்டும், ஆனா அந்த ஸ்கீம் பயிருக்குக் காசே குடுக்காது, அதுக்குப் பயிர் இன்சூரன்ஸ் தனி. இது 1978 சட்டத்துல வந்தது, வெள்ளம், சூறாவளி, காட்டுத்தீன்னு அடிச்ச அப்புறம் நிலத்தைப் பழையபடி ஆக்குறதுக்கு. வெள்ளம் வடிஞ்ச வயல்ல முழங்கால் அளவு மணல் மேவிக் கிடக்கும், வேரோட வந்த மரம் முள்கம்பி வேலியைச் சுருட்டிட்டுப் போயிருக்கும், அதை அள்ளி மட்டம் பண்ணி வேலி திரும்பப் போடுற செலவுல பொதுவா 75 சதவீதம் வரைக்கும்தான் அரசு தரும், மீதி விவசாயி கைக்காசு. வசதி கம்மியானவங்க மாதிரி சிலருக்கு 90 வரை. ஒரு பேரிடருக்கு ஒருத்தருக்கு உச்சவரம்பு 5 லட்சம் டாலர்.

அதுவும் பெரும்பாலும் வேலை முடிச்சு பில் காட்டுனாத்தான் கைக்கு வரும், வேலி மாதிரி வேலைக்குக் கொஞ்சம் அட்வான்ஸ் உண்டு. பெரிய பண்ணைக்கே நிறைய போகுதுன்னு சண்டை போடணுமா, போடுங்க, நானும் வரேன், ஆனா அது வேற கணக்கு.