மலிவாகக் கிடைத்தால் அது மட்டமான பழமா?

ரெண்டு நாளாக எல்லார் டைம்லைனிலும் சுற்றிக்கொண்டிருக்கிற அந்தப் பழப் பட்டியலை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இங்கே மறுபடி ஷேர் செய்து அதற்கு இன்னும் ஆள் சேர்த்துவிட விருப்பமில்லை. சாப்பிட வேண்டியவை என்று பச்சைக் கட்டத்தில் புளூபெர்ரி, கிவி, டிராகன் ஃப்ரூட். தவிர்க்க வேண்டியவை என்று சிவப்புக் கட்டத்தில் வாழை, கொய்யா, பப்பாளி, தர்பூசணி. சிவப்புக்குக் காரணம் ரெண்டே வார்த்தை: "வெறும் சர்க்கரை." கொய்யாவைப் பார்த்து வெறும் சர்க்கரை என்று சொல்ல அசாத்தியத் துணிச்சல் வேண்டும். இல்லையென்றால் ஆயுசில் ஒரு கொய்யாவைக் கடித்திருக்கக் கூடாது.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலிவான பழம் மட்டமான பழம் அல்ல. விலைக்கும் சத்துக்கும் சம்பந்தமே இல்லை.

சர்க்கரைதானே பிரச்சினை? வாருங்கள், சர்க்கரையையே பார்ப்போம். 100 கிராம் புளூபெர்ரியில் சுமார் 10 கிராம் சர்க்கரை. கொய்யாவில் 9. பப்பாளியில் 8. தர்பூசணியில் 6. வாழை மட்டும் 12. அதாவது சிவப்புக் கட்டத்தில் நிற்கும் நான்கு பேரில் மூன்று பேருக்குப் பச்சைக் கட்டத்து ராஜாவைவிடச் சர்க்கரை குறைவு. பட்டியல் போட்டவர் இதைத் தேடிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அந்தப் பச்சை, சிவப்புக் கட்டங்களை வரைந்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கு போதும்.

வைட்டமின் சி பக்கம் போனால் இன்னும் சங்கடம். 100 கிராம் கொய்யாவில் சுமார் 228 மில்லிகிராம். கிவியில் 90-ஐ ஒட்டி. பப்பாளியில் 60. ஆரஞ்சில் 53. புளூபெர்ரியில் 10. ஆப்பிளில் 5. வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு 45 மில்லிகிராம் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. சில நாடுகள் 75, 90 என்று கூட்டிச் சொல்கின்றன. எப்படிப் பார்த்தாலும் ஒரு நடுத்தரக் கொய்யாவில் பாதி தின்றால் அன்றைய கணக்கு முடிந்தது. ரகத்துக்கு ரகம் அளவு மாறும் என்பீர்கள். மாறட்டும். பாதியாகக் குறைந்தாலும் கிவியைத் தாண்டித்தான் நிற்கிறது. நார்ச்சத்து வேண்டுமா? கொய்யாவில் 5 கிராமுக்கு மேல். புளூபெர்ரி, ஆப்பிள், வாழை மூன்றுமே இரண்டரை கிராமை ஒட்டி.

அப்படியென்றால் ஏன் ஒன்று மலிவாகவும் இன்னொன்று எட்டாத விலையிலும் இருக்கிறது? கனிந்த கொய்யா ரெண்டு மூன்று நாளில் குழைந்துவிடும். வந்த விலைக்குத் தள்ளிவிடுவதைத் தவிர விற்பவருக்கு வழியில்லை. அறுவடைக் காலத்தில் மரங்கள் எல்லாம் ஒன்றாகக் காய்த்துத் தள்ளும், விலை சரியும். புளூபெர்ரியோ நுணுக்கமாகப் பறித்து, உடனே குளிரூட்டி, சின்னச் சின்ன டப்பாவில் அடைத்து, குளிர்ப்பெட்டியிலேயே கண்டம் தாண்டி வருகிறது. அந்தக் குளிருக்கும் டப்பாவுக்கும் கப்பலுக்கும் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். அதே புளூபெர்ரி புதர் புதராய் விளைகிற இடத்துக்காரருக்குப் பருவத்தில் அதுதான் மலிவுப் பழம். அவர் அதைத் தாராளமாகச் சாப்பிடட்டும். புளூபெர்ரி மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை, அது பாட்டுக்குக் காய்க்கிறது.

"ஆராய்ச்சி புளூபெர்ரிக்குத்தான் நல்ல பேர் கொடுத்திருக்கு" என்று ஒருவர் வருவார். உண்மைதான். 2013-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வு அது. அமெரிக்காவில் சுமார் 1,87,000 பேரைப் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். வாரம் மூன்று பரிமாறல் புளூபெர்ரி சாப்பிட்டவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு 26 சதவீதம் குறைந்திருந்தது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே ஆய்வின் பட்டியலில் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கிப் படியுங்கள். திராட்சைக்கு 12 சதவீதம் குறைவு, ஆப்பிள், பேரிக்காய்க்கு 7, "வெறும் சர்க்கரை"யான வாழைக்கு 5. கூடியது எதற்குத் தெரியுமா? பழச்சாற்றுக்கு, 8 சதவீதம். முழுப் பழங்களில் கிர்ணிப் பழத்துக்கு 10. இது தொடர்பைக் காட்டும் ஆய்வுதான், இதனால்தான் அது என்று நிரூபிப்பதல்ல. ஆனால் எடுத்துக்காட்டுவதாக இருந்தால் முழுசாக எடுத்துக்காட்ட வேண்டும்.

ஜூஸ் என்றதும் சொல்லாமல் போக முடியவில்லை. வாழைப்பழத்தைச் சர்க்கரை என்று விரட்டுகிற அதே பதிவில் காலையில் ஒரு பெரிய கிளாஸ் ஜூஸ் சிபாரிசு! ஒரு கிளாஸ் ஆரஞ்சு ஜூஸுக்கு மூன்று நான்கு பழம் போகும். மூன்று ஆரஞ்சை உட்கார்ந்து உரித்துத் தின்னச் சொன்னால் ரெண்டாவதிலேயே வயிறு போதும் என்றுவிடும். ஜூஸ் என்றால் ஒரு நிமிடத்தில் உள்ளே. சக்கையோடு நார் வெளியே போய்விடுகிறது, சர்க்கரை மட்டும் விடுதலையாகி நிற்கிறது. உலக சுகாதார நிறுவனம் குறைக்கச் சொல்கிற சர்க்கரையின் கணக்கில் பழச்சாற்றின் சர்க்கரை சேரும். முழுப் பழத்தின் சர்க்கரை சேராது. இந்த ஒரு வித்தியாசம் புரிந்தவர் யாரும் அந்தச் சிவப்புக் கட்டத்தை வரைந்திருக்க மாட்டார்.

"சர்க்கரை நோயாளிகளை வாழைப்பழம் சாப்பிடச் சொல்றீங்களா?" இதைக் கேட்பவர்களில் பாதிப் பேர் நிஜமாகவே கவலையில் கேட்கிறார்கள், அதனால் ஒழுங்காகவே பதில். அளவுதான் விஷயம். வேளைக்கு 80 முதல் 100 கிராம், அதாவது சின்ன வாழைப்பழம் ஒன்று அல்லது பாதிக் கொய்யா. ரொம்பக் கனிந்து தோலில் கரும்புள்ளி விழுந்த வாழையைவிடச் சற்றே கெட்டியான மஞ்சள் வாழை நல்லது. கனியக் கனிய மாவுச்சத்து சர்க்கரையாக மாறிவிடும். தர்பூசணியின் கிளைசெமிக் குறியீடு (ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்ற அளவு) 70-க்கு மேல் என்று பயமுறுத்துவார்கள். அதில் பெரும்பகுதி தண்ணீர், ஒரு துண்டில் சர்க்கரை கொஞ்சம்தான் என்பதைச் சொல்ல மாட்டார்கள். ஒரு துண்டு சரி, அரைப் பழம் சரியில்லை. மருந்து, இன்சுலின் எடுப்பவர்கள் தங்கள் மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொட்டாசியக் கட்டுப்பாடு தனி, நட்சத்திரப் பழம் அவர்களுக்கு ஆபத்தே. அவர்களுக்கு இந்தப் பதிவு பொருந்தாது.

"சாப்பாட்டுக்குப் பிறகு பழம் சாப்பிட்டால் வயிற்றுக்குள் அழுகிவிடும்" கோஷ்டிக்கு: அமிலம் நிரம்பிய வயிற்றில் எதுவும் அழுகாது. பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் பிடித்துக்கொள்ள வைட்டமின் சி துணை செய்கிறது. ஆகவே சாப்பாட்டோடு ரெண்டு கீற்றுக் கொய்யா நல்ல யோசனை. அடுத்த ஆள் வரலாம்.

இனி காசு. மலிவு என்பதைக் கிலோ விலையில் பார்க்காதீர்கள், வாய்க்குள் போகிற பங்கில் பாருங்கள். ஒரு கிலோ வாழையில் தோல் போக 650 கிராம்தான் தேறும். தர்பூசணியில் சுமார் 600. மாதுளையில் பாதியை ஒட்டி. கொய்யாவில் ஏறக்குறைய முழுக் கிலோவும். கிலோ விலையை இந்தப் பங்கால் வகுத்தால் நிஜ விலை வந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது பழமும் காயும் சேர்த்து நாளைக்கு 400 கிராம். அதில் பழத்துக்கு 160 கிராம் ஒதுக்கினால் ஒரு வாழைப்பழமும் பாதிக் கொய்யாவும் வைத்து ஒரு நாள் முடிந்துவிடும். இதற்கு எதற்குப் பட்டியல், எதற்குக் கட்டம்?

நிஜமாகவே காசு வீணாவது எங்கே என்று பார்த்தால், வாங்கிவந்த பழம் குப்பைக்குப் போவதில்தான். அதைப் பற்றி அந்தப் பதிவில் ஒரு வரி கிடையாது. பழங்களில் ரெண்டு சாதி. வாழை, கொய்யா, பப்பாளி, மாம்பழம், சப்போட்டா, ஆப்பிள் எல்லாம் பறித்த பிறகும் பழுக்கும். திராட்சை, ஆரஞ்சு, அன்னாசி, மாதுளை, தர்பூசணி பறித்த அன்றைக்கு எவ்வளவு இனிப்போ அவ்வளவுதான். அன்னாசியை ஒரு வாரம் வைத்துப் பார்த்தால் வாசனை கூடும், தோல் மஞ்சளாகும், இனிப்பு கூடாது. எனவே முதல் வகையைச் செங்காயாக வாங்கலாம், ரெண்டாவது வகையைச் சாப்பிடும் பக்குவத்தில்தான் வாங்க வேண்டும்.

வாழையை ஒரே பக்குவத்தில் ஒரு முழுச் சீப்பு வாங்குவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. நாலாம் நாள் மொத்தமும் ஒன்றாகக் கனிந்து பல்லைக் காட்டும். பாதி மஞ்சளும் பாதி பச்சையுமாகக் கேளுங்கள். பச்சையை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். 13 டிகிரிக்குக் கீழே போனால் அதன் பழுக்கும் வேலை கெட்டு, சாம்பல் பூத்த மாதிரி ஆகி, வெளியே எடுத்தாலும் சரியாகக் கனியாது. நன்றாகப் பழுத்ததைத் தாராளமாக உள்ளே வைக்கலாம். தோல் கறுக்கும், சதைக்கு ரெண்டு மூன்று நாள் ஒன்றும் ஆகாது. அதற்கும் மேல் கனிந்துவிட்டால் தோலுரித்து, வில்லை போட்டு, தட்டில் ஒட்டாமல் பரப்பி உறைய வைத்து, பிறகு டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். உரிக்காமல் ஃப்ரீசரில் போட்டால் அப்புறம் தோலோடு மல்லுக்கட்ட வேண்டும்.

காயாக இருக்கும் கொய்யாவையோ பப்பாளியையோ ஒரு பழுத்த வாழைப்பழத்தோடு காகிதப் பையில் போட்டு வாயை மடித்து வையுங்கள். வாழை விடும் எத்திலீன் வாயு மற்றதையும் பழுக்க வைக்கும், ஒன்று முதல் மூன்று நாள். பிளாஸ்டிக் பை வேண்டாம், வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். இதே காரணத்தால் ஏற்கெனவே கனிந்தவற்றை வாழைக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. பப்பாளியில் மூன்றில் ரெண்டு பங்கு மஞ்சள் ஏறியிருந்தால் வாங்கலாம். முழுப் பச்சையாக, ஒரு மஞ்சள் கீற்றுகூட இல்லாமல் பறித்தது வெம்பிப்போகுமே தவிர இனிக்காது. தர்பூசணி தரையில் கிடந்த இடம் வெண்ணெய் நிறத்தில் மஞ்சளித்திருக்க வேண்டும். வெள்ளையாக இருந்தால் அவசரமாக அறுத்தது. அடிபட்ட பழம் பாதி விலைக்குக் கிடைத்தால் அன்றைக்கே சாப்பிடுவதாக இருந்தால் வாங்குங்கள், கன்றிய இடத்தைத் தள்ளிவிட்டுத் தின்னலாம். பூஞ்சை பிடித்த மென்பழத்தை மட்டும் நறுக்கிச் சரிக்கட்டாதீர்கள், முழுசாகத் தூக்கிப் போடுங்கள்.

"மலிவுப் பழத்துலதான் கார்பைடு" என்று ஒரு குரல். கார்பைடு கல் ஈரம் பட்டால் அசிட்டிலீன் விடும், அது எத்திலீன் மாதிரி வேலை செய்யும். அதில் ஆர்செனிக், பாஸ்பரஸ் கசடு இருக்கக்கூடும் என்பதால்தான் பல நாடுகளில் தடை. அது விற்பவரின் யோக்கியதையைப் பொறுத்தது, விலையைப் பொறுத்தது அல்ல. எத்திலீன் அறையில் பழுக்கவைப்பது வேறு விஷயம், உலகம் முழுக்க நடக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. எந்தப் பழமானாலும் ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவுங்கள், சோப்பு வேண்டாம். தோலைத் தின்னப் போவதில்லை என்றாலும் தர்பூசணியை அறுப்பதற்கு முன் கழுவ வேண்டும். தோலில் இருக்கிற கிருமியைக் கத்திதான் சதைக்குள் இழுத்துப் போகிறது. அறுத்த பழம் வெளியே ரெண்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது. திராட்சை மேல் இருக்கும் வெள்ளைப் பூச்சு பெரும்பாலும் அதன் இயற்கை மெழுகு. அதைப் பூச்சிமருந்து என்று வீடியோ போடுபவர்களைப் பற்றி இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம்.

உண்மையில் இவ்வளவு நீளமாக எழுத வைத்தது அந்தப் பட்டியல்கூட இல்லை. அதற்குக் கீழே ஒரு பெண், "எங்க வீட்ல வாழைப்பழமும் கொய்யாவும்தான் கட்டுப்படி ஆகுது, பிள்ளைங்களுக்கு இது போதாதா?" என்று கேட்டிருந்தார். எவ்வளவு நியாயமான கேள்வி. "போதும்" என்று ஒற்றை வார்த்தை எழுதினால் முடிந்தது. அதற்கு வந்த பதில், "பட்ஜெட் பழம், பட்ஜெட் உடம்பு." அதன் மேல் வரிசையாகச் சிரிப்பு எமோஜி. மாலையில் போய்ப் பார்த்தால் அந்தப் பெண் தன் கேள்வியையே அழித்துவிட்டார். யார் அழித்திருக்க வேண்டியதை யார் அழித்திருக்கிறார் பாருங்கள்.

"நகைச்சுவையைக்கூட ரசிக்கத் தெரியாதா" என்பார்கள். தெரியாது. பிள்ளைக்குத் தினமும் ஒரு பழம் கொடுக்கிற ஒருவரை, நாளையிலிருந்து அதையும் வெட்கத்தோடு கொடுக்க வைப்பதில் என்ன நகைச்சுவை? வாங்க முடியாத பழத்தை அவர் வாங்கப் போவதில்லை. வாங்கிக்கொண்டிருந்ததையும் விட்டுவிட்டு, அந்தக் காசுக்குப் "பழச் சுவை" என்று அச்சடித்த ஏதோ ஒரு பாக்கெட்டை வாங்குவார். அதற்கு எந்தப் பட்டியலிலும் சிவப்புக் கட்டம் கிடையாது. பாக்கெட் விற்பவர்கள் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லையே.

அக்கா, நீங்கள் இதைப் படிக்க வாய்ப்பு குறைவு. இருந்தாலும்: போதும். கொய்யாவைத் தோலோடு கொடுங்கள். விதை கடினமாக இருந்தால் சின்னப் பிள்ளைக்கு நடுப்பகுதியை எடுத்துவிட்டுக் கொடுங்கள். பள்ளிக்கு நறுக்கி அனுப்பினால் மேலே கொஞ்சம் எலுமிச்சைச் சாறு தடவுங்கள், ஆப்பிள், வாழை கறுக்காது. கறுத்தாலும் கெட்டது இல்லை, காற்றுப் பட்ட நொதியின் வேலை; பிள்ளைகள்தான் முகம் சுளிக்கும்.

மற்றவர்களுக்கு: கீழே கேள்வி கேளுங்கள், எண்கள் தவறென்றால் திருத்துங்கள், புளூபெர்ரிக்கு நிறம் தரும் ஆந்தோசயனின் பற்றி நாலு பத்தி எழுதுங்கள், படிக்கிறேன். "எங்க வீட்ல வாழைப்பழம்தான்" என்று யாராவது எழுதி, அதன் மேல் சிரிப்பு எமோஜி போடுபவரை மட்டும் பிளாக் செய்துவிடுவேன். அப்புறம் இன்பாக்ஸில் வந்து விளக்கம் கேட்காதீர்கள்.