கீரை நல்லதென்று தெரியாமலா இருக்கிறார்கள்?

கிராமத்துப் பெண்களின் ரத்தசோகைக்கு விழிப்புணர்வு இல்லாததே காரணம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பாதிதான் சரி. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் இந்தியாவில் 57 சதவீதம், தமிழ்நாட்டில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. முருங்கைக்கீரை நல்லதென்று இவர்களில் யாருக்குத் தெரியாது?

எங்கள் ஊரில் நூறு நாள் வேலைக்குப் போகும் அக்காக்கள் வெறும் காப்பியோடு கிளம்பிவிடுவார்கள். மதியம் தூக்குவாளியில் ரேஷன் அரிசிச் சோறு, புளிக்குழம்பு, ஊறுகாய். ராத்திரி முட்டை இருந்தால் அது வீட்டுக்காரருக்கும் பையனுக்கும். அங்கன்வாடியில் கர்ப்பிணிக்குத் தரும் சத்துமாவுகூட வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளுக்கு உருண்டையாகிவிடுகிறது.

அப்புறம், இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்குகிறார்கள். டீ அந்தச் சத்தைச் சரியாகச் சேரவிடாது. நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ இருந்தால் நன்றாகச் சேரும். மாத்திரை கொடுக்கும்போதே நர்ஸ் இதைச் சொல்லலாமே.